பேரம் பேசாத ஆள்

நாற்பதாயிரம் என்று சொல்லிவிடலாம், சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம், ஆனால் அந்த நாற்பதாயிரம் எங்கிருந்து வந்தது என்று யாராவது மடக்கிக் கேட்டால் செங்கோட்டுவேலுவிடம் பதில் கிடையாது. மத்தியானம் இரண்டேகால் மணி. ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டுக் காலை ஆறு மணிக்குத் தலை சாய்க்கிறவனுக்கு இது அயர்ந்து தூங்க வேண்டிய நேரம். தூக்கம் வரவில்லை. மாடி அறையின் சிமெண்ட் ஷீட் வெயிலில் முறுக்கிக்கொண்டு டக் டக்கென்று சத்தம் போடுகிறது, ஃபேன் சுட்ட காற்றையே அள்ளி அள்ளி முகத்தில் போடுகிறது, தலைமாட்டில் போன் குப்புறக் கிடக்கிறது. நாலு மணிக்குள் விலை சொல்ல வேண்டும். ஒரு வெப்சைட்டுக்கு என்ன விலை? நாமக்கல்லில் எதற்குத்தான் விலை இல்லை, முட்டைக்கு இருக்கிறது, இன்றைக்கு ஒரு முட்டை இத்தனை காசு என்று ஒரு இடத்தில் சொன்னால் டீக்கடையில் ஆம்லெட் போடுகிறவன் வரைக்கும் தெரிந்துவிடும். போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்காரர்களுக்கு அடிக்கணக்கு, தண்ணீர் வந்தாலும் அதே காசு, எண்ணூறு அடிக்கும் வெறும் புழுதியே பறந்தாலும் அதே காசு, துளை போட்டவனை யாரும் சட்டையைப் பிடிப்பதில்லை. லாரிக்கு பாடி கட்டுகிறவனுக்கும் கணக்கு உண்டு. வேலுவுக்குத்தான் அடியும் இல்லை, படியும் இல்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லிப் பார்த்தான், 'எல்லாத்தையும் ஒரே பக்கத்துல போட்டுரு' என்றார்கள். மணிக்கு இவ்வளவு என்று சொல்லிப் பார்த்தான், 'நீ மொள்ளப் பண்ணுனா அதுக்கும் நாந்தான் அழுகணுமா' என்றார்கள். பிறகு வந்த ஆளின் செருப்பைப் பார்த்து விலை சொல்லக் கற்றுக்கொண்டான். மனதில் எட்டாயிரம் என்றால் வாயில் பதினாறு. எதிராளி அதை உடைக்க வேண்டும், அதுதான் முறை. "ஏம்ப்பா வேலு, நாலு போட்டாவ ஒட்டறதுக்குப் பதினாறாயிரமா, எங்கக்கா பையன் ஒரு பிரியாணிக்கு முடிச்சுக் குடுத்துருவான்" என்பார் கோழிப்பண்ணைக்காரர். "அப்ப அவன்கிட்டயே குடுங்ணா, நானும் கூட வந்து உக்காந்து சாப்பிட்டுக்கறேன்" என்பான் இவன். சிரிப்பார்கள், டீ வரும், எட்டில் வந்து நிற்கும். அந்த இழுபறியில் ஒருத்தரை ஒருத்தர் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள், இவன் ஏமாற்ற மாட்டான், இவர் காசை இழுத்தடிக்க மாட்டார். பேரம் பேசுகிறவன் காசு கொடுக்கப்போகிறவன். இருபது வருஷத்தில் வேலு கற்றது அது ஒன்றுதான், மற்றதெல்லாம், அந்தக் கம்ப்யூட்டர் எழுத்துகள் எல்லாம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டரில் ராத்திரிக் காவலுக்கு உட்கார்ந்திருந்தபோது ஊரான் போட்ட பக்கங்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தானாகக் கற்றது, அதைக் கற்றது என்று சொல்லலாமா என்று இன்னும் சந்தேகம், என்றைக்காவது ஒரு நாள் படித்த ஒருத்தன் வந்து உன் சர்டிபிகேட்டை எடு என்று கேட்பான் என்று ஒரு பயம் இருபது வருஷமாகக் குடியிருக்கிறது.

கோகுலகண்ணன் பேரம் பேசவில்லை. அங்கேதான் எண்ணம் போய்ப் போய் முட்டுகிறது. பதினைந்து நாளைக்கு முன்னால் போனில் வந்தார், பொன்வாகை நிதி என்று ஒரு கம்பெனி, அதற்கு ஒரு சின்ன முத்திரை வரைந்து தர வேண்டும் என்றார். வேலு மனதில் மூவாயிரம் வைத்துக்கொண்டு ஆறாயிரம் சொன்னான். "சரிங்க சார்" என்றார், போனை வைத்த ஒரு நிமிஷத்தில் ஆறாயிரம் வந்துவிட்டது. வேலுவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ, மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் காலை ஊன்றி, அங்கே படி இல்லாமல் போனால் அடிவயிறு ஒரு கணம் காலியாகுமே, அது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தார், முப்பத்தைந்து வயதிருக்கும், மாடிப்படி ஏறி வந்தும் மூச்சு வாங்கவில்லை, செருப்பை வாசலில் ஜோடியாகச் சேர்த்து வைத்துவிட்டு வந்தார், சாதாரண ரப்பர் செருப்பு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. சேலம் ரோட்டில் ஆபீஸ், அடுத்த மாதம் திறப்பு, போர்டுகூட இன்னும் மாட்டவில்லை. அதற்கு ஒரு வெப்சைட். "பாத்தா புதுசு மாதிரி தெரியக்கூடாது சார். தொண்ணூத்தி எட்டுல ஆரம்பிச்சது மாதிரி இருக்கணும்." வேலு சிரித்தான், வேடிக்கை என்று நினைத்து. அவரும் சிரித்தார், ஆனால் அவர் சிரித்தது வேலு சிரித்ததற்காக. "பழைய போட்டோவெல்லாம் கொஞ்சம் வேணும். குத்துவிளக்கு ஏத்தற மாதிரி, மெம்பருங்களுக்குப் பரிசு குடுக்கற மாதிரி. மொகம் யாரோடதா இருந்தாலும் பரவால்ல, நம்ம பக்கத்து மொகமா இருக்கணும். அப்பறம் மொதப் பக்கத்துலயே ஒரு நம்பர். மொத்த உறுப்பினர்கள். பதினாலாயிரத்து முந்நூறுல ஆரம்பிக்கட்டும்." யார் சேர்ந்தாலும் அது ஏற வேண்டுமா என்று கேட்டான் வேலு, கை ஏற்கெனவே குறித்துக்கொண்டிருந்தது, வேலைக்காரக் கை. "யாரும் சேர வேண்டியதில்ல சார். அதுவா ஏறணும். ஏழு நிமிஷத்துக்கு ஒண்ணு." பிறகு கொஞ்சம் யோசித்து, அக்கறையோடு, மருந்து வேளையைச் சொல்கிற டாக்டர் மாதிரி, "ராத்திரில கொஞ்சம் மெதுவா. ராத்திரில யாரு வந்து பணம் கட்டறாங்க, நம்பற மாதிரி இருக்கணுமில்ல" என்றார். வேலு 'ராத்திரி மெதுவாக' என்று எழுதிக்கொண்டான். எழுதிய தாள் இப்போதும் மேஜையில் இருக்கிறது, கண்ணை மூடினாலும் அந்த எழுத்து தெரிகிறது, தன் கையெழுத்துதான், கோழிப்பண்ணைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுதிய அதே கையெழுத்து. "எவ்வளவு ஆகும்னு செவ்வாக்கெழம நாலு மணிக்குள்ள சொல்லிருங்க சார், நீங்க சொல்றதுதான்" என்று எழுந்தார். நீங்க சொல்றதுதான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

போன் அதிர்ந்தது. அவர் இல்லை, மனைவி அம்சவேணி. பள்ளிக்கூட ஆபீசில் வேலை, சாப்பாட்டு நேரம் முடிந்து கை கழுவிய ஈரத்தோடு பேசுகிறாள் என்று குரலிலேயே தெரிகிறது. "ஏனுங், தூங்கலியா? அந்த நிதிக்காரருக்குச் சொல்லிட்டீங்களா?" "இல்ல, யோசிச்சுட்டிருக்கேன்." "என்னத்த யோசிக்கறீங்க, வெள்ளிக்கெழமக்குள்ள பிரதீபாவுக்குக் காலேஜுல அறுபத்தஞ்சாயிரம் கட்டணும், கட்டுலீன்னா பரீச்சைக்கு விட மாட்டாங்களாம், காத்தாலயும் அழுதுட்டே பேசுறா." "தெரியும்." "தெரியும்னா சொல்லுங்க. ரவுண்டாச் சொல்லாதீங்க. நாப்பதுன்னு சொன்னா வாய்க்கு வந்ததச் சொன்ன மாதிரி இருக்கும். நாப்பத்தி ஒண்ணு ஐநூறுன்னு சொல்லுங்க, கணக்குப் போட்ட மாதிரி இருக்கும். எங்க கரஸ்பாண்டென்ட் பீஸு வெக்கறதே அப்படித்தான்." "சரி." "மூணு மணிக்கு முன்னாடி சொல்லிருங்க, மூணுலருந்து ராகு காலம்." அவளிடம் தொண்ணூற்றெட்டைப் பற்றிச் சொல்லவில்லை. தானாக ஏறுகிற எண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. நிதிக் கம்பெனி, நல்ல பார்ட்டி, அவ்வளவுதான் சொன்னது. சொன்னால் அவள் முகம் என்னவாக மாறும் என்று தெரியும், ஏனென்றால் ஒரு தடவை மாறியதைப் பார்த்திருக்கிறான், அதனால்தான் சொல்லவில்லை, இல்லை, அதனால் இல்லை, சொன்னால் அவள் வேண்டாம் என்பாள், வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டால் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

அந்த ஒரு தடவை அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து. தேக்கு மரத் திட்டம். ஒரு லட்சம் கட்டினால் உன் பேரில் நூறு கன்று, பதினைந்து வருஷத்தில் முப்பது லட்சம், அது வரைக்கும் மாதாமாதம் வட்டி. தோட்டத்தில் ஒரு ஏக்கரை விற்று மூன்று லட்சம் கட்டிவிட்டுத்தான் மச்சான் விஷயத்தையே சொன்னார், கையில் அந்தக் கம்பெனிப் புத்தகம், வழவழவென்று கெட்டித் தாளில் பச்சைப்பசேலென்று மரங்கள். "தாளத் தொட்டுப் பாருங்க மாப்ள. ஏமாத்தறவன் தாளுக்கு இத்தன செலவு பண்ணுவானா?" என்றார். வேலு தொட்டுப் பார்த்தான். நல்ல தாள். நல்ல அச்சு, நிறம் பிசகவில்லை, எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி அளந்து வைத்தது மாதிரி, யாரோ தெரிந்தவன் செய்திருக்கிறான் என்று அவன் தொழில் கண் சொன்னது. "நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்று சொன்னான். அவ்வளவுதான் சொன்னான். மச்சான் அதை வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டார், 'மாப்ளயும் நல்லாருக்குதுன்னு சொன்னாரு' என்று இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். இருபது மாதம் வட்டி வந்தது, இருபத்தோராவது மாதம் ஷட்டர் இறங்கியிருந்தது. அந்த இரண்டு பேரும் வீட்டு வாசலில் வந்து நின்றபோது மச்சான் பின்பக்கமாகப் போனவர்தான், இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன், விசேஷங்களுக்கு வருவதில்லை, அம்சவேணி போன் செய்தால் 'டூட்டில இருக்கேன் சாமி' என்று வைத்துவிடுகிறார். வேலுவுக்கு அந்தப் புத்தகம் மட்டும் மறக்கவில்லை. அதை ஒருத்தன் செய்தான். எங்கேயோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, கண் எரிய எரிய, பச்சையை இன்னும் கொஞ்சம் தூக்கி, மரத்துக்குப் பின்னால் இருந்த வறட்டுக் கரட்டு மேட்டை அழித்துவிட்டு மேகம் வைத்தான். அவனிடமும் எவ்வளவு ஆகும் என்று கேட்டிருப்பார்கள். அவன் என்ன சொல்லியிருப்பான், ஐயாயிரமா, எட்டாயிரமா, பக்கத்துக்கு இவ்வளவு என்று சொல்லியிருப்பானா, அவனுக்கும் வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருந்திருக்கும். வருஷக்கணக்கில் வேலு அவனைத் திட்டியிருக்கிறான், முகம் தெரியாத அவனை, இப்போது புரண்டு படுக்கும்போது பக்கத்துத் தலையணையில் அவன் படுத்திருப்பது மாதிரி இருக்கிறது, மூச்சு விடுகிறான், அவனுக்கும் தூக்கம் வரவில்லை.

முடியாது என்று சொன்னால் தீர்ந்தது. நாலே எழுத்து. ஆனால் வேலுவின் வாய்க்கு அந்த வார்த்தை வராது, பிறவியிலேயே வராது, பிரவுசிங் சென்டர் முதலாளி மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்துவிட்டு இன்றைக்கும் ராத்திரி இருந்துக்கோப்பா என்றபோதும் சரிங்ணா என்றுதான் வந்தது. இந்தப் பக்கத்தில் மாட்டை விற்க மனசில்லாதவன் மாட்டை விற்க மாட்டேன் என்று சொல்ல மாட்டான், வீடு தேடி வந்த மனிதனை முறித்துப் பேசலாமா, விலையைத் தூக்கிச் சொல்வான், வந்தவன் புரிந்துகொண்டு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவான், இரண்டு பேர் மரியாதையும் தப்பியது. போன வருஷம் ஒரு லாட்ஜுக்காரர் வேண்டாத படங்களோடு வந்தபோது வேலு அதைத்தான் செய்தான், பதினைந்துக்குத் தொண்ணூறு சொன்னான், "யோசிச்சுட்டுச் சொல்றங்க" என்று போனவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் இதற்கும் அதுவே. எண்பதா? எண்பது சொன்னால் கொடுத்துவிடுவார். இரண்டு லட்சம்? இரண்டு லட்சம் வாங்குகிற டிசைனர் பெங்களூரில் இருக்கிறான், ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிட்டால்? எந்தக் கோணத்தில் பார்த்தாலும் பைத்தியக்காரத்தனமாக இருக்க வேண்டும். நாற்பதாயிரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினான். நாலு லட்சத்து எண்பதாயிரம். இந்த ஊரில் இந்த விலைக்கு யாரும் வெப்சைட் போட்டதில்லை, இந்த விலையைக் கேட்டால் தெருவில் போகிறவன்கூட நின்று சிரிப்பான். அதோடு ராகு காலம். மூன்று மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தான், மூன்று ஐந்து, மூன்று பத்து, நல்ல காரியத்துக்கு விலக்கி வைத்த நேரத்தின் நட்டநடுவில் போய் விழட்டும், ராகு காலத்தில் சொன்ன விலை எங்கேயாவது பலித்திருக்கிறதா. இருபத்து மூன்று வருஷத்துக் கல்யாண வாழ்க்கையில் அம்சவேணி காத்துக் காத்து ஒதுக்கிய அந்தத் தொண்ணூறு நிமிஷம் இன்றைக்காவது தனக்கு உதவட்டும். மூன்று இருபதுக்கு, உட்கார்ந்துகொண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். 'வணக்கம் சார். தாங்கள் கேட்ட வேலைக்கு மொத்தம் ரூ. 4,80,000 ஆகும். நன்றி.' அனுப்பினான். நெஞ்சு லேசானது. முதல் தடவையாக வெயிலில் ஒரு காக்காய் கத்துவது காதில் விழுந்தது. மகளுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடலாம், அம்சவேணியின் தோட்டை அடகு வைக்கலாம், அது பழகிய வழி, அந்த வழியில் எந்த இடத்தில் கல் எந்த இடத்தில் முள் என்று காலுக்கே தெரியும். அவர் இப்போது பார்த்திருப்பார். ஆபீசில் யாரிடமாவது காட்டிச் சிரித்துக்கொண்டிருப்பார். சிரிக்கட்டும். இரண்டு டிக்கும் நீலமாயின.

'சரிங்க சார்' என்று வந்தது. அதற்குக் கீழே இன்னொரு சத்தம், பேங்க் சத்தம், ஒரு லட்சம் ரூபாய் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. வேலு ஃபேனைப் பார்த்தான். காசு வருவதற்கு யாரும் யாரையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, போன் நம்பர் இருந்தால் போதும், தெருவில் போகிறவன் உன் சட்டைப் பையில் எதையாவது போட்டுவிட்டுப் போகலாம், வேண்டாம் என்று தட்டிவிடுவதற்கு அதில் ஒரு பொத்தான் வைக்கவில்லை. திருப்பி அனுப்பலாம். அனுப்பலாம் என்றால் தொகையை இவன் கையால் அடிக்க வேண்டும், ரகசிய எண்ணை இவன் கையால் அடிக்க வேண்டும், அடித்தால் அவர் கூப்பிடுவார், ஏன் சார் என்பார், அந்த ஏனுக்குப் பதில் சொல்ல வேண்டும். வாசலில் ஜோடியாகச் சேர்த்து வைத்த அந்த ரப்பர் செருப்பு ஞாபகம் வந்தது. எவனுக்கு நாலு எண்பது ஒரு விலையாகவே படவில்லையோ அவனுக்கு அது அவன் காசு இல்லை. அது இன்னும் வராத காசு. இனிமேல் வரப்போகிறவர்கள் கொண்டுவரப்போகிற காசு, முதல் பக்கத்தில் எண் ஏறுவதைப் பார்த்துவிட்டு, ஏழு நிமிஷத்துக்கு ஒருத்தர் சேருகிறார்களே என்று, தங்கள் மகன் போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு. கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டியதுதான். முடியாதுங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க. இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான், முடியாதுங்க, காலி அறையில் அது நன்றாகத்தான் இருந்தது, கூப்பிட்டான். ஒரே மணியில் எடுத்தார். "சொல்லுங்க சார், வந்துருச்சுங்களா?" பின்னால் யாரோ சுவரில் துளை போடுகிற சத்தம், போர்டு மாட்டுகிறார்கள் போல. "வந்துதுங்க. சார், அது வந்து, அந்த ரேட்டு." "சொல்லுங்க, பத்தலீங்களா?" "இல்லீங்க, இல்லீங்க." முடியாது என்ற சொல் நாக்கின் மேலேயே இருந்தது, உப்பு மாதிரி கரைந்துகொண்டு. "அது தப்பாப் போட்டுட்டேனுங்க. அத்தனெல்லாம் ஆகாது. நாப்பதாயிரம் இருந்தாப் போதுங்க." இது ஏன் வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. விலை நியாயமாக இருந்துவிட்டால் வேலையும் அந்த அளவுக்கு நியாயமாகிவிடும் என்று உடம்பில் எங்கேயோ ஒரு மூலை நினைத்திருக்க வேண்டும், கூலிக்கு மேல் ஒரு பைசா வாங்கவில்லை என்று என்றைக்காவது யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் துளை போடுகிற சத்தம் நின்றது. கோகுலகண்ணன் மெல்லச் சிரித்தார், கேலி இல்லை, சந்தோஷம். "எம்பட சர்வீஸ்ல வெலயக் கொறச்சுக்கறேன்னு கூப்பிட்ட ஆள இப்பத்தான் பாக்கறேன் சார். உங்களப் பத்தி விசாரிச்சப்பவும் இதயேதான் சொன்னாங்க." "இல்லீங்க சார், நான் என்ன சொல்ல வந்தன்னா—" "புரியுதுங்க. அப்ப ஒரு லட்சத்துக்கு ரெண்டரை சைட்டு ஆச்சுங்களே. அரையா வேண்டாம், மூணா வெச்சுக்கலாம், மீதி இருவது இப்பவே போட்டர்றேன். திண்டுக்கல்லுக்கு ஒரு பேரு பதிஞ்சு வெச்சிருக்கோம், கும்பகோணத்துக்கு ஒண்ணு. பேரும் கலரும்தான் வேற, மத்ததெல்லாம் இதேதான். அதுக்கப்பறம் தென்காசிப் பக்கம் பாத்துட்டிருக்கோம், அதுக்கும் இதே வெலதான், நீங்க சொன்ன வெல, மாத்தீராதீங்க சார்." பேங்க் சத்தம் காதருகில் இன்னொரு தடவை அடித்தது. பேரத்தை முழுக்கத் தானே பேசி முடித்துவிட்டதாக வேலுவுக்குப் பட்டது, எதிராளியின் பங்கையும் சேர்த்து. இப்போதுகூடச் சொல்லலாம், வாயைத் திறந்துவிட்டான், அந்தப் பக்கம் பொறுமையாகக் காத்திருக்கிறார்.

"கும்பகோணத்துக்கு ஆரம்பிச்ச வருஷம் எது போடறதுங்க?" என்று கேட்டான்.

"நீங்களே பாத்து ஒரு நல்ல வருஷமாப் போடுங்க சார்."